முற்றம், விடுதி, மேடை: கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியாரின் கதை

டிசைன் பேப்பர் எழுதினவங்களுக்குத் தெரியும். முதல் யூனிட்டிலேயே, பயன்படுத்தும் மனிதனை நடுவில் வைத்து யோசின்னு சொல்லித் தருவாங்க. நாமும் விடைத்தாளில் ஒரு வட்டம் போட்டு, நடுவில் ஒரு தலையை வரைஞ்சு, சுத்தி நாலு அம்புக்குறி போட்டு மார்க் வாங்கிட்டு வந்துடுவோம். அந்தத் தலைக்குப் பெயர் கிடையாது, வயசு கிடையாது. வெயிலில் நின்னா அதுக்கு வேர்க்கவும் வேர்க்காது.

வேர்க்கிற மனிதர்களை வெச்சு இதே பாடத்தைப் படிக்கணும்னா காரைக்குடியில் பஸ் ஏறுங்க. பதினைந்து கிலோமீட்டருக்குள் கானாடுகாத்தான் வந்துடும். நூல் பிடிச்ச மாதிரி நேர்த் தெருக்கள். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் போய் முடிகிற நீளமான வீடுகள். அவற்றில் ரொம்பப் பெரியதை ஊரில் அரண்மனைன்னு சொல்வாங்க. அதைக் கட்டச் சொன்னவரைத்தான் இந்த இதழில் பார்க்கப் போறோம். உங்களில் பலருக்கு அவர் பெயர் தெரிஞ்சிருக்கும், ஒரு பல்கலைக்கழகத்தின் பெயராக. ஆளைத் தெரியுமா என்பது வேறு விஷயம்.

அண்ணாமலை செட்டியார் 1881 செப்டம்பர் 30 அன்று கானாடுகாத்தானில் பிறந்தார். அப்பா முத்தையா செட்டியார். வட்டித் தொழில் செய்த நகரத்தார் குடும்பம். அந்தக் காலத்து நகரத்தார் வீட்டுப் பையன்களுக்குக் கணக்கு என்பது பள்ளிக்கூடப் பாடம் மட்டும் இல்லை, பேச்சு மாதிரி கூடவே வளர்கிற ஒன்று. பையன் கொஞ்சம் வளர்ந்ததும் கப்பல் ஏறி ரங்கூனுக்கோ கொழும்புக்கோ பினாங்குக்கோ போவான். அங்கே கிட்டங்கின்னு ஒரு நீளமான கூடம். ஒரே கூரையின் கீழே பல கடைகள் நடக்கும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டகம், தரையில் உட்கார்ந்து எழுத ஒரு சின்ன மேசைப்பெட்டி, படுக்க ஒரு பாய். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாள், மேலாள் என்று ஏறி வரணும். ஒரு கணக்கு என்பது பொதுவாக மூணு வருஷம். அது முடிஞ்சாதான் ஊருக்குத் திரும்ப முடியும்.

இந்த மூணு வருஷத்தை ஞாபகத்தில் வெச்சுக்குங்க. செட்டிநாட்டு வீட்டைப் புரிஞ்சுக்க அதுதான் சாவி.

கானாடுகாத்தான் அரண்மனை 1912-ல் கட்டி முடிந்தது. சுற்றுலா வீடியோக்களில் பர்மா தேக்குத் தூண், இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடின்னு பட்டியல் போடுவாங்க. எல்லாம் உண்மைதான். ஆனா அந்தப் பட்டியலைத் தாண்டி ஒரு கேள்வி கேளுங்க. வருஷக்கணக்கில் ஆம்பளைங்க கடல் தாண்டி இருந்த ஊரில், இவ்வளவு பெரிய வீடுகளில் தினம் இருந்தது யார்? ஆச்சிகள், குழந்தைகள், வயசானவங்க. தொழில் பேச வர்றவங்களுக்கு முகப்பும் திண்ணையும். அதைத் தாண்டினால் வளவு, நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் அறைகள். அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. வீட்டின் நிஜமான வாழ்க்கை அந்தப் பின்பாதியில்தான் நடந்தது.

சிவகங்கைச் சீமை வறண்ட பூமி. ஏப்ரல், மே மாசத்தில் அங்கே போய்ப் பார்த்தால் தெரியும். இந்த வீடுகளில் தலைவாசலில் நின்னா கடைசி வாசல் வரைக்கும் ஒரே நேர்க்கோட்டில் கண் போகும். காற்றும் அதே வழியில் போகும். வெயிலில் சூடான காற்று முற்றத்தின் வழியாக மேலே ஏற, அந்த இடத்தை நிரப்ப நிழல் பக்கத்துக் காற்று உள்ளே வரும். தடிச்ச செங்கல் சுவர். அதன் மேல் சுண்ணாம்போடு கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைச்சு, பல பூச்சாகப் பூசித் தேய்ச்ச பளபளப்பு. கையை வெச்சா மதியத்திலும் சில்லுனு இருக்கும். கூரையில் ஓட்டை ஒரு வரிசையோட விடாமல் அடுக்கடுக்காகப் போட்டிருப்பாங்க. மழை பெஞ்சா நாலு பக்கத்துக் கூரையிலிருந்தும் தண்ணி முற்றத்துக்குத்தான் வரும். அண்டாவிலும் கிடாரத்திலும் பிடிச்சது போக மீதி, வடிகால் வழியாகத் தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருணிக்கும் போகும். வீட்டுக் கூரை, தெருச் சரிவு, ஊர்க்குளம் மூணும் ஒரே திட்டத்தின் பகுதிகள். இப்ப நாம ஒவ்வொரு அபார்ட்மெண்டுக்கும் தனியா ஒரு மழைநீர்க் குழி தோண்டி, அது அடைச்சுக்கிட்டப்புறம் மறந்துடுறோமே, அந்த மாதிரி இல்லை.

எனக்கு இதைவிடப் பிடிச்சது ஒண்ணு இருக்கு. நகரத்தார் வழக்கத்தில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைப்பது என்று ஒன்று உண்டு. அதே வளவுக்குள் அந்தத் தம்பதிக்குத் தனி அறை, தனி அடுப்பு, தனிச் செலவுக் கணக்கு. கூரை ஒண்ணு, உலை பல. மாமியார் மருமகள் சண்டையைத் தடுக்க யாரும் நீதி போதிக்கவில்லை. அறையைப் பிரிச்சு, அடுப்பைப் பிரிச்சு, முற்றத்தை மட்டும் பொதுவில் விட்டாங்க. மனுஷங்க எப்படி இருப்பாங்கன்னு தெரிஞ்சவங்க போட்ட பிளான் அது.

ஆனால் முழுக்கப் புகழ்ந்துட்டு நகர மனசு வரல. இந்த வீட்டில் வெயிலுக்கும் மழைக்கும் வழி யோசிச்ச அளவுக்கு, பெண்கள் முகப்புக்கு வரணுமா என்பதை யாரும் யோசிக்கவில்லை. வசதியான இரண்டாம் கட்டுதான், ஆனாலும் அது இரண்டாம் கட்டு. அப்புறம், அண்ணாமலை செட்டியாரின் அரண்மனையில் கணிசமான பகுதி உள்ளே இருப்பவர்களுக்காக இல்லாமல் வெளியே நின்று அண்ணாந்து பார்ப்பவர்களுக்காகக் கட்டப்பட்டது என்றே நினைக்கிறேன். இன்னொன்று, இந்த வீட்டைக் கட்டச் சொன்னவரின் பெயர்தான் நமக்குப் பாடமாக வருகிறது. சுண்ணாம்பு அரைச்ச, தேக்கு இழைச்ச கைகளின் பெயர்கள் வருவதில்லை.

வீடு எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் சென்னையில் ஒரு பெரிய இடி விழுந்தது. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி திவாலானது. சேமிப்பை அதில் போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. நம் ஆட்களின் பணத்துக்கு நம் ஆட்களே ஒரு வங்கி வைக்கணும் என்று வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்றார். 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி வேலையைத் தொடங்கியது. அதன் தொடக்க இயக்குநர்களில் ஒருவர் அண்ணாமலை செட்டியாரின் அண்ணன் ராமசாமி செட்டியார். தம்பி பின்னாளில் இம்பீரியல் வங்கியின் கவர்னர்களில் ஒருவரானார். அதாவது இன்றைய ஸ்டேட் வங்கியின் முன்னோடி. சட்டசபை, கவுன்சில், 1923-ல் சர் பட்டம், 1929-ல் ராஜா பட்டம் என்று ஒரு நீளமான வரிசை இருக்கு. அதை வேகமாகத் தாண்டிடுவோம்.

அவர் வாழ்க்கையின் அடுத்த பெரிய கட்டடம் சிதம்பரத்தில். நடராசர் கோயில் திருப்பணியால் இந்தக் குடும்பத்துக்கும் அந்த ஊருக்கும் முன்பே தொடர்பு உண்டு. அண்ணன் ராமசாமி செட்டியார் அங்கே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தார். தம்பி 1920-ல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பிறகு தமிழுக்கு ஒரு கல்லூரி, இசைக்கு ஒரு கல்லூரி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. இவற்றையெல்லாம் சேர்த்து 20 லட்சம் ரூபாயையும் கொடுக்க, 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது.

இதில் நமக்கு வேண்டிய விஷயம் தொகை இல்லை, வடிவம். 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் நீண்ட காலம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும் அமைப்பாகத்தான் இருந்தது. பாடம் நடப்பது எங்கெங்கோ இருந்த கல்லூரிகளில். மாணவன் எங்கே தங்குறான், என்ன சாப்பிடுறான் என்பது பல்கலைக்கழகத்தின் கவலை இல்லை. கிராமத்துப் பையனுக்கு மேல்படிப்பு என்றால் கும்பகோணம், திருச்சி, இல்லாட்டி சென்னை. தெரிஞ்ச உறவுக்காரர் வீட்டில் ஒரு மூலை, கிடைச்ச சாப்பாடு. ரூம் தேடி அலைஞ்ச அனுபவம் உள்ளவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிதம்பரத்தை ஒட்டிய திருவேட்களத்தில் எழும்பியது தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம். வகுப்பறை, நூலகம், விடுதி, ஆசிரியர் குடியிருப்பு எல்லாம் ஒரே வளாகத்துக்குள். அண்ணாமலைநகர் என்று ஓர் ஊரே உண்டானது. எனக்கு என்னவோ அதில் ஒரு செட்டிநாட்டு வளவின் சாயல் தெரியுது. அறைகள் தனித்தனி, முற்றம் பொது. இது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

ஆசிரியரும் மாணவரும் ஒரே இடத்தில் இருந்ததால் நடந்தவை ஏராளம். ஒண்ணு மட்டும் சொல்றேன். 1931-ல் தமிழ்ப் பேராசிரியராக வந்தவர் மட்டக்களப்புக்காரர் விபுலாநந்த அடிகள். அவர் முதலில் படிச்சது விஞ்ஞானம், லண்டன் பி.எஸ்ஸி. பட்டதாரி. பழைய இலக்கியத்தில் வருகிற யாழின் நரம்புகள் எந்தச் சுருதியில் ஒலித்திருக்கும் என்று கணக்குப் போட்டு ஆராய்ந்தவர். அந்த ஆய்வு 1947-ல் யாழ்நூல் என்ற பெயரில் வெளிவந்தது. தமிழும் கணிதமும் ஒரே மண்டைக்குள் இருக்க முடியும் என்பதற்கு நம்ம டிபார்ட்மெண்ட் பசங்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இங்கே நிறுத்தி ஒரு கேள்வி கேட்கணும். அந்த 20 லட்சம் எங்கிருந்து வந்தது?

கானாடுகாத்தான் வீடுகளும் சிதம்பரத்துக் கட்டடங்களும் எழும்பியதில் கடல் கடந்த வட்டித் தொழிலுக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் மையம் பர்மா. ஐராவதி ஆற்றுப் பகுதியில் காட்டை வெட்டி வயலாக்கிய பர்மிய விவசாயிக்கு வெள்ளைக்கார வங்கி கடன் கொடுக்காது, செட்டியார் கடை கொடுக்கும். நிலம் ஈடு. நெல் விலை இருக்கிற வரைக்கும் எல்லாருக்கும் லாபம். 1930-ல் உலகப் பொருளாதாரம் சரிந்து நெல் விலை விழுந்தபோது கடன் திரும்ப வரவில்லை, ஈடு வைத்த நிலம்தான் வந்தது. 1938 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் செட்டியார் கடைகளின் பெயரில் இருந்தது. நிலத்தை வாங்கணும் என்று அவர்கள் புறப்படவில்லை. அவர்களுக்கு வேண்டியது காசுதான், வயல் இல்லை. ஆனாலும் சொந்த வயலில் குத்தகைக்காரனாக நின்ற பர்மியனுக்கு அந்த வித்தியாசம் எதுக்கு?

கணக்கு முறையாகப் பார்த்தால் அந்தக் கடன் அமைப்பில் ஒரு பிழையும் இல்லை. நாணயமான ஆட்கள், சுத்தமான பேரேடு. கானாடுகாத்தான் முற்றத்தில் மருமகளின் அடுப்பு வரைக்கும் யோசிச்ச ஒரு சமூகம், ஐராவதிக் கரையில் கடன் வாங்கினவன் விலை விழுந்தால் என்ன ஆவான் என்பதை அமைப்புக்குள் வைக்கவில்லை. அவன் அவர்கள் வீட்டில் சாப்பிடுகிறவன் இல்லை. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோதும், அதற்குப் பிறகு பர்மா சுதந்திரம் அடைந்து நிலத்தைத் தேசியமாக்கியபோதும் அந்தச் சொத்தின் பெரும்பகுதி போயிற்று. செட்டிநாட்டில் இன்று பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கும், காரைக்குடிப் பழைய பொருள் கடைகளில் விலைக்கு நிற்கும் தேக்குத் தூண்களுக்கும் கதை அங்கேதான் தொடங்குகிறது. இதை அண்ணாமலை செட்டியார் என்ற ஒரு மனிதர் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. அவர் கதையில் இதைச் சொல்லாமல் விடுவதும் நியாயம் இல்லை.

அவர் மூன்றாவதாகக் கட்டியது செங்கல்லால் கட்டினது இல்லை. என்னைக் கேட்டால் அவர் செய்ததிலேயே பெரியது அதுதான்.

1930-களின் ஒரு கச்சேரியை நினைச்சுக்குங்க. மேடையில் பெரிய வித்வான். எதிரே சில நூறு தமிழர்கள். இரண்டரை மணி நேரம் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் கீர்த்தனைகள். கடைசியில் எல்லாரும் செருப்பைத் தேடுகிற நேரத்தில் துக்கடாவாக ஒரு தமிழ்ப் பாட்டு. கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்குப் பாட்டின் ஒரு வரி அர்த்தம் தெரியாது. தெரியலைன்னு சொன்னால் ரசிக்கத் தெரியாதவன் என்று ஆகிவிடும், அதனால் யாரும் சொல்ல மாட்டாங்க. அண்ணாமலை செட்டியார் நடத்திய இசைக் கல்லூரியிலும் அந்தக் காலத்துக் கச்சேரி வழக்கம்தான் பாடமாக இருந்தது. தமிழ்நாட்டில், தமிழ்ப் பணத்தில், தமிழ்ப் பிள்ளைகள் பாடிப் பழகுவது கேட்கிறவனுக்குப் புரியாத பாட்டு.

இதை மாற்றணும் என்று 1940-ல் பரிசுப் பணம் அறிவித்தார். 1941 ஆகஸ்டில் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு முதலிடம் வேண்டும் என்பது அதன் சாரம். மற்ற மொழிப் பாட்டைத் தடை செய் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் எதிர்ப்பு கிளம்பியது. சென்னையின் சங்கீத உலகம் கொதித்தது, பத்திரிகைகளில் மாதக்கணக்கில் சண்டை.

எதிர்த்தவர்களின் வாதம் அபத்தம் இல்லை, அதையும் கேட்டுக்குங்க. சங்கீதத்துக்கு மொழி முக்கியம் இல்லை, நாதம்தான் முக்கியம். தியாகராஜர் திருவையாற்றில் இருந்துகொண்டே தெலுங்கில் பாடினார், அவரை அந்நியர் என்பீர்களா? தமிழில் அந்தத் தரத்துக்குப் பாட்டு எங்கே இருக்கு? மொழியைப் பார்த்துப் பாட்டைத் தேர்ந்தெடுத்தால் தரம் விழும். துறை தெரிந்தவர்கள் பேசினால் எப்போதும் இந்தத் தொனியில்தான் இருக்கும். நாம் செய்த ஆப் ஒருவருக்குப் புரியலைன்னா, அவருக்கு விவரம் பத்தலைன்னு நாமளும் இதையேதான் சொல்றோம்.

மறுபக்கம் ராஜாஜி, ஆர்.கே. சண்முகம் செட்டியார், டி.கே.சி., கல்கி எல்லாரும் நின்றார்கள். இதில் அந்தக் காலத்து அரசியலும் சாதிக் கணக்கும் கலந்திருந்தன, வெறும் இசைக் காதல் என்று நினைச்சுக்க வேண்டாம். ஆனால் வாதத்தில் ஜெயிப்பதோடு இவர்கள் நிற்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுது. தமிழில் பாட்டு எங்கே இருக்கு என்று கேட்டாங்க இல்லையா? அது நியாயமான கேள்வி, பதில் வேணும். முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர் போன்றவர்களின் பாட்டுகளைத் தேடி எடுத்து, ராகம் தாளம் குறித்து, சுரப்படுத்தி, பல்கலைக்கழகமே தொகுதி தொகுதியாக அச்சடித்தது. வித்வான் மறுநாள் காலையில் எடுத்து வைத்துப் பாடம் பண்ணலாம், அப்படி. டைகர் வரதாச்சாரியார், பொன்னையா பிள்ளை மாதிரி பெரிய வித்வான்கள் பணியாற்றிய கல்லூரி அது, அதனால் தரம் பற்றிய பயத்துக்கும் ஒரு பதில் இருந்தது. 1943-ல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தொடங்கியது. அந்த வருஷம் டிசம்பரிலேயே விழாவும் நடந்தது.

மேடைக்காரரையும் சாஸ்திரத்தையும் சுற்றியே ஓடிக்கொண்டிருந்த ஓர் அமைப்பில், கீழே உட்கார்ந்திருப்பவனுக்குப் புரியுதா என்று அறுபது வயது வங்கிக்காரர் ஒருவர் கேட்டார். அவர் பாடகர் இல்லை, இசை ஆராய்ச்சியாளரும் இல்லை. ஒருவேளை அதனால்தான் கேட்க முடிஞ்சதோ என்னவோ.

கடைசிக் காலத்தில் அவர் பல்கலைக்கழகத்தில் நமக்கு நெருக்கமான ஒன்றும் நடந்தது. 1945-ல் அங்கே பொறியியல் படிப்பு தொடங்கியது. கோயிலூர்ப் பக்கத்தில், இசையும் தமிழும் நடக்கிற வளாகத்தில், வொர்க்‌ஷாப் சத்தமும் சேர்ந்துகொண்டது. 1948 ஜூன் 15 அன்று அண்ணாமலை செட்டியார் இறந்தார். அடுத்த வருஷத்திலிருந்து தமிழிசைச் சங்கம் பண்ணாராய்ச்சி நடத்த ஆரம்பித்தது, பழைய தேவாரப் பண்களையும் இன்றைய ராகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து.

சென்னை எஸ்பிளனேட் பக்கம், ஐகோர்ட்டுக்கு அருகில் ராஜா அண்ணாமலை மன்றம் என்று ஓர் அரங்கம் இருக்கு. சங்கத்துக்காகக் கட்டி 1952-ல் திறந்தது. அவர் பெயர்தான், அவர் பார்க்காத கட்டடம். டிசம்பரில் அந்தப் பக்கம் போனீங்கன்னா உள்ளே நுழைஞ்சு பின் வரிசையில் ஒரு நாற்காலியில் உட்காருங்க. பாட்டில் என்ன சொல்றாங்கன்னு கேட்குதா பாருங்க.